இருபத்தேழாவது கவலை: ஒரு செம்பனை லாரி ஓட்டுநரின் நிகழ்வு ஆய்வு

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், இது எவ்வளவு நேரம் ஆகும்? மோட்டார வெளிய நிப்பாட்டியிருக்கேன். லாக்கு சரியில்ல." அன்று பேசிய ஐம்பது நிமிடத்தில் மூன்று தடவை எழுந்துபோய்ச் சன்னல் வழியாக மோட்டார் சைக்கிளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். என் குறிப்பேட்டில் "அமைதியின்மை, அடிக்கடி எழுகிறார்" என்று எழுதினேன். லாக்கைப் பற்றி எழுதவில்லை.

இது நடந்தது 2024 ஜூன் மாதம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போனால் வரும் பட்டணம் இது. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பள்ளிக்கூடத்தில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஆலோசனைக்கு உட்காருகிறேன். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அதனால் நான் அவருக்கு டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அண்ணன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். எழுத அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வந்த விதம்

அண்ணன் தானாக வரவில்லை. அவர் மனைவி, எனக்கு அக்கா, இழுத்துக்கொண்டு வந்தார். மார்ச்சிலிருந்து மூன்று மாதத்துக்குள் நான்கு முறை நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். நான்கு முறையும் இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. கடைசி முறை பார்த்த இளம் டாக்டர், "ஸ்ட்ரெஸ்லா அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணன் அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு: "பைத்தியம்னு சொல்லாம சொல்லிட்டாங்க டீச்சர்."

ஆண்கள் கவலையோடு என்னிடம் வருவதே இல்லை. நெஞ்சுவலி, வயிற்றெரிச்சல், பிடரி இழுப்பு என்றுதான் வருகிறார்கள். "மனசு சரியில்லை" என்று சொல்ல வாய் வராதபோது உடம்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆளும் வீடும்

வயது 58. பதினேழு வயதில் ரப்பர் பால் லாரியில் எடுபிடியாகத் தோட்டத்தில் சேர்ந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், குலை ஏற்றும் லாரிக்கு ஓட்டுநர் ஆனார். வெட்டிய குலை ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், ஆலையில் தரம் குறையும். அதனால் அவருடைய தொழிலே ஒருவகையில் கடிகாரத்தோடு ஓடுவதுதான். நாற்பது வருடமாக ஓடியிருக்கிறார், விபத்து என்று ஒன்று கிடையாது. ஜாக்கிரதை அவருக்குச் சோறு போட்ட குணம். அந்தக் குணத்தை "விட்டுடுங்க அண்ணே" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதை நான் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொண்டேன்.

குடியிருப்பது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அக்கா விடிகாலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி ஒட்டுக்கடைக்குக் கொடுக்கிறார். மகன் ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான், அதுவும் மோட்டாரில். மகள் அப்போது ஐந்தாம் படிவம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டிய ஆண்டு.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து கேஸ் தோம்பு (சிலிண்டர்) மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கதவு. பிறகு, போன். மகன் நாலரை மணிக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பைத் திறப்பான், "கடைசியாகப் பார்த்தது 4.31" என்று வந்தால்தான் இவருக்கு மூச்சு வரும். ஐந்து மணி ஆகியும் அந்த வரி மாறவில்லை என்றால் படபடப்பு, வியர்வை, நெஞ்சில் பாரம். அவசரப் பிரிவுக்கு ஓடிய நான்கு ராத்திரிகளில் இரண்டு அப்படிப்பட்டவை. ஒரு தடவை மகன் மருத்துவ விடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

நாளைக்கு ஏழு கோப்பி. இதையும் முதல் நாளே கேட்டு வைத்தேன். படபடப்பு என்று வருகிறவர்களிடம் அம்மா அப்பாவைப் பற்றி விசாரிப்பதற்கு முன் கோப்பியைப் பற்றி விசாரிப்பது நல்லது.

மதிப்பீடு

பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 என்ற வினாத்தாளைக் கொடுத்தேன். 2006ல் வெளியானது, ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று பூஜ்யம் முதல் மூன்று வரை போட வேண்டும், மொத்தம் 21. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், பதினைந்தைத் தொட்டால் கடுமை. அண்ணனுக்கு 16.

ஒரு தாளை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. அது என் வேலையும் இல்லை. அரசு கிளினிக்குக்கு அனுப்பினேன்; ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரை எல்லையில் நின்றது. அங்கிருந்த மருத்துவர், பொதுப்பட்ட பதற்றக் கோளாறு என்று முடிவு செய்தார். பல விஷயங்களைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை ஆறு மாதத்துக்குக் குறையாமல் பெரும்பாலான நாட்களில் இருப்பது, அடக்க முடியாமல் போவது, கூடவே தூக்கக் கேடு, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு போன்றவை. இவைதான் அதன் அடையாளம். மார்ச்சுக்கு முன்பே கவலை இருந்தது, மார்ச்சில் முற்றியது. மாத்திரையைப் பற்றியும் மருத்துவர் பேசினார். அண்ணன் தயங்கவே, இரண்டு மாதம் பேசிப் பார்த்துவிட்டு மறுபடி முடிவெடுக்கலாம் என்றார்.

உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றார். இருந்திருந்தால் இந்தக் கதை வேறு வேகத்தில் போயிருக்கும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐ அன்றைக்கே அக்காவின் போனில் ஏற்றி வைத்திருப்பேன். உண்மையில், ஏற்றித்தான் வைத்தேன்.

எல்லாரும் சொன்ன ஒரு வார்த்தை

"கவலைப்படாதீங்க." அர்ச்சகர் சொன்னார், மைத்துனர் சொன்னார், மகன் போனில் சொன்னான். சொன்ன ஒவ்வொரு முறையும் அண்ணன் முயன்றிருக்கிறார். முடியாதபோது, "இதுகூட முடியலையே" என்று இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது.

அவர் பேரில் குற்றம் இல்லை. 1987ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அடக்கி வைத்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று நம் பாட்டிமார் சொன்ன கதைதான். அவர்கள் அதற்கு ஆய்வுக்கூடம் வைக்கவில்லை.

ஆறுதல் சொல்லிப் பார்ப்பதும் பலிக்காது என்பதை நானே அனுபவித்தேன். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றிக்கொண்டிருந்தது: சேமநிதிக் கணக்கை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், இனிமேல் பணத்தை எடுக்க முடியாதாம். அண்ணன் அந்தச் செய்தியை என்னிடம் காட்டியபோது கை நடுங்கியது. 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாக்கப்பட்டது உண்மை. ஆனால் அது 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. இவருக்கு 58. இவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடாவது ஈவு தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பதையும் விளக்கினேன். முகம் தெளிந்தது. கோப்பி ஆறுவதற்குள், "அந்தச் சட்டத்த மாத்திட்டாங்கன்னா டீச்சர்?" என்றார்.

ரப்பர் மரத்தடியில் ஓட்டை மங்கில் (கிண்ணத்தில்) பால் பிடிக்கிற மாதிரிதான். அன்றோடு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன்.

555 புத்தகம்

இரண்டாவது சந்திப்பில் ஒரு 555 புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். இந்த ஊரில் அதை அறியாதவர் கிடையாது. மளிகைக் கடைக் கடனும் லாரி நடைக் கணக்கும் அதில்தான் ஏறும். அண்ணன் சட்டைப் பையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இது இரண்டாவது, கவலைக்கு மட்டும்.

முறை புதியது இல்லை. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் கூட்டாளிகளும் 1983ல் சோதித்துப் பார்த்தது: கவலைக்கு நாளில் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம் ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வந்தால் "உன் முறை சாயங்காலம்" என்று தள்ளி வைப்பது. அடக்குவது அல்ல, தள்ளிப்போடுவது. நான்கு வாரம் செய்தவர்களுக்குக் கவலை நேரம் கணிசமாகக் குறைந்தது. அண்ணனுக்கு ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை. இடம் வீட்டுப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடிப் பலகை. படுக்கை கூடவே கூடாது என்று சொன்னேன்.

முதல் வாரம் வெறும் புத்தகத்தோடு வந்தார்.

"எழுதலையா அண்ணே?"

"எழுதினா நடந்துரும் டீச்சர்."

இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டதை வாயால் சொல்லாதே என்று வளர்ந்தவர்கள் நாம். "போறேன்" என்று சொல்லக்கூட விடாமல் "போயிட்டு வரேன்" என்று திருத்துகிற வீடுகள். அவரிடம் போய் "மகன் விபத்தில் சிக்குவான்" என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்? இரண்டு பேரும் யோசித்து, லாரி நடைக் கணக்கு மாதிரி ஒரு எண், ஒரே ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். "1. பாலம்." "2. தோம்பு." அது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும், ஆனால் எழுத்தில் இல்லை. ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் 26 சேர்ந்தன. லாரி பிரேக். மகளின் பரீட்சை. மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது. பக்கத்து லயத்து நாய். முதுகில் ஒரு மச்சம். சேமநிதி. மகள் மூன்று வயதில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு இன்னும் எடுக்காத பால்குடம். கூரைத் தகரம். வீடு. சனம் என்ன பேசும். போன் பேட்டரி. இப்படி.

ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: நாளைக்குக் காலையில் இதற்கு உங்கள் கையால் செய்ய ஒரு வேலை இருக்கிறதா? இருந்தால் அந்த வேலையை மட்டும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு கோடு. 26ல் வேலை உள்ளவை ஐந்து. மச்சத்தைக் கிளினிக்கில் காட்டினார், ஒன்றுமில்லை என்றார்கள். பிரேக்கைப் பட்டறையில் எழுதிக் கொடுத்தார். மொய்க்கு அக்காவோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்தார். கூரைக்கு ஆணி. பால்குடத்துக்கு அடுத்த தைப்பூசம் என்று நாள் குறித்தார்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

நான் சறுக்கிய இடம்

"வீடு" என்ற சொல்லுக்கு நான் கோடு போட்டேன். அவர் போடவில்லை, நான் போட்டேன்.

காரணம் இருந்தது, என் பார்வையில் அழகான காரணம். அவருடைய அப்பா வேலை செய்த தோட்டம் அறுபதுகளின் தொடக்கத்தில் துண்டாடப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம். எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டு இறங்கின. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளிகள் காசு சேர்த்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். அண்ணனின் அப்பா இருந்த தோட்டத்தை அப்படி யாரும் வாங்கவில்லை. சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைல் நடந்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணன் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் "வீடு" என்று சொல்லும்போது அவர் கண்ணில் அந்தச் சட்டி பானை தெரிந்தது.

"அண்ணே, இது உங்க கவலை இல்ல. உங்க அப்பா கவலை. அவரு விட்டுட்டுப் போனத நீங்க தூக்கிகிட்டு நடக்கறீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கண் கலங்கியது. நல்ல ஆலோசனை நடந்துவிட்டது என்ற நினைப்பில் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை நடுவில், ஐந்தாவது சந்திப்புக்கு அக்காவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணன் மோட்டாரைப் பார்க்கச் சன்னலுக்குப் போன நேரத்தில், "டீச்சர், அந்தக் கடுதாசிக்கு என்ன பண்றதுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

எந்தக் கடுதாசி?

மார்ச்சில் தோட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நான்கு மாதமாக அங்கேயே இருக்கிறது. அக்கா தூசி தட்டும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார். இவர் பேசட்டும் என்று அவரும் பேசவில்லை. 26 வரிகளில் "கடுதாசி" என்ற சொல் இல்லவே இல்லை. முதல் முறை அவசரப் பிரிவுக்கு ஓடியது எப்போது என்று பின்னோக்கிப் பார்த்தேன். கடிதம் வந்த அடுத்த வாரம்.

போர்க்கோவெக்கே பிற்காலத்தில் எழுதிய ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவலை என்பது பல நேரம் ஒரு தப்பிப்பு என்றார் அவர். பயங்கரமான ஒன்றை நேரே பார்க்காமல் இருக்க, மனம் சொற்களால் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கருத்து. கேஸ் தோம்பும் நாயும் பேட்டரியும் அண்ணனுக்கு அப்படித்தான் உதவின. ராத்திரி இரண்டு மணிக்குத் தோம்பைப் பார்க்க எழுகிறவர், சாமிப் படத்தைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

வேண்டாத கவலையை விடுங்கள் என்று சொல்லும் நாம், எது வேண்டாதது என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டுக்கொள்வதில்லை. இங்கே நான் முடிவு செய்தேன், தப்பாக. அப்பாவின் கதை உண்மைதான். ஆனால் மகனுக்குக் கையில் ஒரு கடிதமும் இருந்தது. பெரிய வரலாற்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சின்னதாக ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன்: "வீட்டைப் பத்தி யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா அண்ணே?"

கடிதத்துக்குப் பிறகு

அக்கா அன்றே கைப்பையில் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் படித்தோம். ஒரு பக்கம், மலாயில். பழைய லயத்தை இடித்துப் புதுக் குடியிருப்பு கட்டப் போகிறோம். ஓய்வு வயதை நெருங்கியவர்கள் ஓய்வு வரை புது வீட்டுக்கு மாறுகிறீர்களா, அதற்கு முன்பே வெளியே போகிறீர்களா என்று எழுதித் தரவும். கெடு ஜூன் 30. கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

வெளியேற்றுகிறோம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. முதல் வரியில் "இடிக்க" என்பதைப் பார்த்ததும் அண்ணன் மடித்துவிட்டார்.

திங்கட்கிழமை தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) போனார். கிராணி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "இன்னும் எட்டுப் பேரு தரல அண்ணே, உக்காருங்க."

அப்புறம் நடந்ததுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். அதில் என் பங்கு எதுவும் இல்லை. எந்தப் பதிலை எழுதுவது என்று வீட்டில் பேச உட்கார்ந்தபோது அண்ணன் அக்காவிடம், "ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன். பொறந்து வளர்ந்த எடம்" என்றிருக்கிறார். அக்கா சொன்ன பதிலை அடுத்த வாரம் என்னிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினார்: "இந்த லயத்த விட்டு எப்படா போவோம்னு இருபது வருசமா காத்துகிட்டு இருக்கேன். என்னைய யாரு கேட்டா?"

கேட்டதோடு நிற்கவில்லை. கூட்டு (சீட்டு) பிடித்துச் சேர்த்த 9,000 வெள்ளி தன்னிடம் இருப்பதையும் சொல்லியிருக்கிறார். கூட்டுக்கு 1971லிருந்து இந்த நாட்டில் தடைச் சட்டம் உண்டு. எந்தத் தோட்டத்திலும் அதை யாரும் அக்காக்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெளியே போவது என்று முடிவு செய்தார்கள். மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகை வீடு. எவ்வளவு வாடகை தாங்கும் என்று கணக்குப் பார்க்கச் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்தபோது இன்னொன்று வெளியே வந்தது. வாரிசு நியமனத்தில் இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். கல்யாணத்துக்கு முன் கொடுத்தது. அம்மா இறந்தது 2009. பணத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமோ என்று மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட மனிதருக்கு, தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்கா அந்தப் பணத்துக்காக எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் ஒரு தடவைகூட வரவில்லை. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமித்த ஆளுக்குப் பணம் நேரே போய்ச் சேரும். நியமனம் இல்லையென்றால் நிர்வாகப் பத்திரம், சாட்சி, சத்தியக் கடிதம் என்று அலைச்சல்தான். ஒரு நாள் விடுப்புப் போட்டு ஈப்போ போனார்கள். அடையாள அட்டை, கட்டைவிரல் ரேகை. செலவு, போகவர எண்ணெயும் இரண்டு ரொட்டி சானாயும்.

கைக்கு எட்டாதவை

செய்ய வேலை உள்ளதைச் செய், இல்லாததை விடு என்பது பாதி வழிக்குத்தான் வரும். மகன் பாலத்தைக் கடப்பது இவர் கையில் இல்லை. அதற்காக அது முக்கியமில்லாமல் போய்விடுமா? கோடு போட்டுத் தள்ளக்கூடிய விஷயமா அது?

அண்ணனிடம் வேறு மாதிரி கேட்டேன்: வாட்ஸ்அப்பில் நேரத்தைப் பார்க்கிறீர்களே, மகனோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? யோசித்தார். பேசுவது உண்டு, "கெளம்பிட்டியா, போயிட்டியா" என்ற அளவில். ஏழு மணி வரை போனைத் தொடுவதில்லை, பதிலாக ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் ஞாயிறு இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லையாம். மூன்றாவது ஞாயிறு மகன் தன் மோட்டாரின் செயின் சத்தத்தைப் போனில் கேட்கவைத்து, என்ன கோளாறு என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

கூடவே 555 புத்தகத்தில் ஒரு சோதனை. எதிர்பார்த்த ஒவ்வொரு கெட்டதுக்கும் எதிரே, நடந்ததா இல்லையா என்று பிறகு குறிப்பது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே கோளாறு உள்ள 29 பேரை வைத்துச் செய்து 2020ல் வெளியிட்டார்கள். அவர்கள் எழுதிய கவலைகளில் 91.4 விழுக்காடு நடக்கவே இல்லை. அண்ணனின் கணக்கு: 41ல் மூன்று நடந்தன. அதில் ஒன்று பக்கத்து லயத்து நாய், கடித்தேவிட்டது. "பாத்தீங்களா டீச்சர்!" என்று வெற்றியோடு காலைக் காட்டினார்.

கணக்கு

ஒன்பது சந்திப்புகள். ஜி.ஏ.டி.-7 ஆகஸ்டு கடைசியில் 9, டிசம்பரில் 6. மாத்திரை தேவைப்படவில்லை, தேவைப்பட்டிருந்தால் அதில் குறைவும் இல்லை, அவரிடமும் அதையே சொல்லியிருந்தேன். கோப்பி மூன்றாகக் குறைந்தது. ஜூலைக்குப் பிறகு அவசரப் பிரிவுப் பக்கம் போகவில்லை, ஒரே ஒரு ராத்திரி தவிர. அது 2025 ஏப்ரல், எஸ்.பி.எம். முடிவுக்கு முந்தின நாள். அன்று வாசல்வரை போய், பதிவு செய்யாமல், அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மகளின் முடிவு நன்றாகவே இருந்தது. அப்பா டாக்டர் கனவில் இருந்தார். அவள் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளமா என்றாள். லாரிக்குக் கீழே படுத்து வளர்ந்த பிள்ளை. இதில் அண்ணனுக்கு ஏமாற்றம் உண்டு, இன்னும் உண்டு. அதை நான் சரிசெய்ய முயலவில்லை.

எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. ரம்புத்தான் மரத்தடி அரை மணியா, கோப்பி குறைந்ததா, கடிதத்துக்குப் பதில் போனதா, அக்கா வாய் திறந்ததா? என் ஊகம் கடைசி இரண்டும்தான். கடிதம் வெளியே வருமுன் அவரை மறுபடி அளந்து பார்க்கவில்லை; அதையும் நான் செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற எல்லாரிடமும் பட்டியல் முடிந்ததும் ஒன்று கேட்கிறேன்: "இதுல எழுதாதது என்ன?" பெரும்பாலோர் உடனே "ஒன்னும் இல்ல" என்கிறார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் இருபத்தேழாவது வரும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார்கள். 2025 பிப்ரவரி 11. வேண்டிக்கொண்டு பதினாலு வருடம் கழித்து, மகளும் கூடவே நடந்தாள்.

கடைசியாக வந்தது மே மாதத்தில், வீடு மாறிய பிறகு, அக்கா கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்களோடு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. அது எனக்குப் பாதியில்தான் உறைத்தது.

"மோட்டார் லாக்க மாத்திட்டீங்களா அண்ணே?"

"இல்ல டீச்சர். அது கெட்டதுதான். சங்கிலி ஒன்னு வாங்கிட்டேன், பதினாலு வெள்ளி."

"எப்ப வாங்குனீங்க?"

"போன வருசமே. நீங்க கேக்கவே இல்லையே."